இறப்பு ஆண்டு தெரியாதவர்கள் கடைசியில்

ஜூன் 6, வியாழன்

ரீசார்ஜ் செய்தேன். இனி இருபத்தெட்டு நாள்.

மத்தியானம் மதுரையிலிருந்து சீதாபதி சார் கூப்பிட்டார். பழைய உலக வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தின் ஆறாம் தொகுதிக்கு அவர்தான் பதிப்பாசிரியர். கல்லூரி வேலையை விட்ட பிறகு நான்கு வருடமாக வீட்டிலிருந்தே அவருக்குப் பதிவுகள் எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தடவை 'நி'.

"நிக்கானோர்னு ஒண்ணு இருக்குதும்மா. கிரேக்கப் பேரு. ஒரே பேர்ல ஏழு பேர் இருக்காங்க. ஒருத்தர் தலையை இன்னொருத்தர் உடம்புல ஒட்டிடாம பிரிச்சுக் கொடுங்க. முறை தெரியுமில்ல? செத்த வருஷப்படி வரிசை. வருஷம் தெரியாதவங்க கடைசியில."

"தெரியும் சார்."

"உங்களுக்குப் புதுப் பேரா இருக்கும். நிதானமா எழுதுங்க. ஜூலை கடைசி வரைக்கும் நேரம் இருக்கு."

சரி என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 8, சனி

மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை ஏறியிருக்கிறது. திரும்பி வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மக்ரூன் வாங்கினாள். "டாக்டருக்கா மாமி?" என்றேன். "ஆமா, அந்தாளு வாயில வெச்சுத் திணிக்கணும்" என்றாள்.

தூத்துக்குடியில் இந்தப் பெயர் புதிதில்லை என்று சாரிடம் சொல்லியிருக்கலாம். என் மாமனாரின் அப்பா பெயர் நிக்கனோர் மிராந்தா. அவருக்கு மூன்று மகன்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது இந்த வீட்டு வழக்கம். மூன்று மகன்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் மூன்று வீட்டிலும் மூத்தவன் நிக்கனோர். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் ஐஸ் நிக்கனோர். ரயில்வேயில் இருந்தவர் ரயில் நிக்கனோர். மூன்றாவது, கப்பல் நிக்கனோர்.

கப்பலில் சமையல்காரர். என் கணவர்.

ஜூன் 12, புதன்

கொழுந்தன் ரெமிஜியுஸின் மனைவி டெல்பினுக்கு மணப்பாட்டில், அவள் அம்மா வீட்டில் இருக்கும்போது வலி வந்து, இன்று ஆண் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. மாமி தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். எனக்கும் ஒரு பிடி கொடுத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமி?"

"ஒண்ணுமில்லட்டி. பேரு வைக்கணும்லா."

குழந்தைக்கு முறைப்படி வர வேண்டியது என் மாமனார் பெயர், சந்தியாகு. அதைச் சொன்னேன். மாமி கையை விட்டுவிட்டாள்.

ஜூன் 15, சனி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. துறைமுகச் சாலையில் காலையிலிருந்து ஐஸ் வண்டிகள். கொட்டின தண்ணீரில் தெருவே நனைந்து கிடக்கிறது.

முதல் நிக்கானோர் எழுதினேன். அலெக்சாந்தரின் தளபதி பர்மேனியோனின் மகன். கி.மு. 330இல் படை எதிரியை விரட்டிக்கொண்டு போகும் வழியில் நோயில் இறந்தார். அரசனுக்கு வருத்தம்தான்; ஆனால் உணவு குறைவு, நிற்க நேரமில்லை. அடக்கம் செய்யச் சகோதரனை விட்டுவிட்டுப் படை நடந்தது. எட்டு வரி.

இவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. உடல் இருந்தது, அடக்கம் இருந்தது, வருடம் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

எதிர்பார்த்ததுதான். மாடியிலிருந்து ரெமிஜியுஸ் இறங்கி வந்து உட்கார்ந்தான். மாமி கதவோரம் நின்றுகொண்டாள். அவன் தண்ணீர் கேட்டான், குடித்தான், மறுபடி கேட்டான்.

"என்னல, கிணத்தையே குடிச்சிருவியா? கேளு" என்றாள் மாமி.

"மைனி, பிள்ளைக்கு… அண்ணன் பேரு வைக்கலாம்னு அம்மா சொல்லுதா. ஞானஸ்நானம் ஜூலை இருவத்தெட்டு. நீங்கதான் ஞானத்தாய். நீங்க சரின்னாதான்."

இந்த வீட்டில் தம்பி பிள்ளைக்கு அண்ணன் பெயர் வைப்பது ஒரே ஒரு காரணத்துக்கு. அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்திருக்க வேண்டும். கல்லறையில் எழுதிய பெயரை வீட்டுக்கு அழைத்து வருவது என்பார்கள். பெரிய மாமனார் வீட்டில் அப்படித்தான் ஒரு பிள்ளைக்கு வைத்தார்கள். அன்று மரண அறிவிப்பு எழுதி ஒட்டியதுபோல எல்லோருக்கும் புரிந்தது.

நான் சரி என்றால் அவர் இறந்துவிட்டார் என்று நான் சொன்னதாக ஆகும். கம்பெனி கூட இன்னும் அந்தச் சொல்லை எழுதவில்லை. 'காணவில்லை' என்றுதான் கடிதத்தில் இருக்கிறது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"ஏழு வருஷமா யோசிச்சது பத்தாதாட்டி?" என்றாள் மாமி. பிறகு குரல் இறங்கி, "எனக்கு எழுவத்தாறு. அந்தப் பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு ஏழு வருஷமாச்சு. வாய் கேக்குதுட்டி" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

மீன் குழம்பில் உப்புப் போட மறந்தேன். எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஜூன் 27, வியாழன்

இரண்டாமவர், கி.மு. 318இல் கொல்லப்பட்ட படைத்தலைவர். மூன்றாமவர், யூதர்களோடு போரிட்டு கி.மு. 161இல் விழுந்தவர், தலையையும் வலக்கையையும் வெட்டி எருசலேமில் தொங்கவிட்டார்கள். அவர் இறந்த நாளை ஒரு ஊரே திருநாளாகக் கொண்டாடியது. எழுதிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன்.

அடுத்தவரிடம் மூன்று நாளாக நிற்கிறேன். ஏதென்ஸில் பள்ளி நடத்திய ஒரு பெரிய ஞானியின் வளர்ப்பு மகன். நாடு கடத்தப்பட்டவர்கள் வீடு திரும்பலாம் என்ற அரசாணையை ஒலிம்பியாவில் கூடிய கூட்டத்துக்கு அறிவிக்கச் சென்றவர் இவர்தான். அந்த ஞானி உயில் எழுதும்போது இந்த நிக்கானோர் எங்கோ தூரப் பயணத்தில் இருக்கிறார். வீட்டையும் பிள்ளைகளையும் இன்னின்னார் பார்த்துக்கொள்ள வேண்டும், நிக்கானோர் வந்து சேரும் வரைக்கும், என்று கிழவர் எழுதுகிறார். மகளை அவருக்குத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். அதோடு ஒரு நேர்த்திக்கடன். நிக்கானோர் பத்திரமாகத் திரும்பினால், சொந்த ஊரில் காவல் தெய்வங்களுக்கு நான்கு முழ உயரத்தில் கல் சிலைகள் வைக்க வேண்டும்.

சிலைகள் வைக்கப்பட்டனவா என்று என்னிடம் இருக்கும் நூல்களில் இல்லை.

இறப்பு ஆண்டு என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

ரீசார்ஜ்.

அலமாரியைத் திறந்து போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தபோது ரெமிஜியுஸ் உள்ளே வந்துவிட்டான். போனைப் பார்த்தான், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று காலண்டரைப் படித்தான். வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டான்.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கப்பலுக்குப் போகும்போது அவர் ஊர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அவருக்கு நம்பர்கள் மனதில் நிற்காது. என் நம்பரைக்கூடக் கல்யாணமான நாளிலிருந்து மனப்பாடம் செய்யவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரே நம்பரு என்னோடதுதான்" என்பார். எங்கிருந்தாவது யாரிடமாவது போன் கேட்டுக் கூப்பிட்டால் அந்த ஒரு நம்பருக்குத்தான் கூப்பிட முடியும். அது வேறு யாருக்காவது போய்விடக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

அலமாரியை மூடினாலும் மணி கேட்கும். சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலை பதினோரு மணி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். அலமாரிக்குள் மணி அடித்தது.

விளம்பரக் குரலாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. கீரை முறத்தோடு கீழே போனது.

"அலோ, நிக்கனோர் அண்ணனா?"

ஊர்க்காரக் குரல். பின்னால் இன்ஜின் சத்தம்.

"அவுக வீட்டுல பேசுதேன்" என்றேன்.

"அண்ணன் இருக்காவளா?"

"இருக்காவ."

"கொஞ்சம் குடுங்க மைனி."

"வெளிய போயிருக்காவ. வந்திருவாவ."

"வந்ததும் சொல்லிருங்க. 'ஞானதீபம்' போட்டுலேருந்து பேசுதேன். முப்பது பார் ஐஸு, விடியக்காலம் நாலு மணிக்கு. மறந்திராதிய மைனி, ஐஸு இல்லாம கடலுக்குப் போக முடியாது."

"சொல்லுதேன்" என்றேன்.

ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்துக்கு அடியில் செருகினேன். கீரையை அள்ளிக் கழுவினேன். இன்றைக்குப் பொரியல் நன்றாக வந்தது. மாமி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலை 10, புதன்

ஐஸ் நிக்கனோர் வந்தார். தெருமுனையிலேயே குரல் கேட்டது.

"மைனி! எங்க மைனி? 'ஞானதீபம்' போட்டுக்காரன் என் கம்பெனி வாசல்ல வந்து நின்னு என் பரம்பரையையே கழுவி ஊத்திட்டுப் போறான். எட்டு பேரு நாலு மணிலேருந்து ஐஸுக்குக் காத்து நின்னுருக்கான், இன்னைக்குத் தொழிலே போச்சாம். உங்க வீட்டுல சொன்னேன், உங்க வீட்டுல சொன்னேங்கான். என் வீட்டுக்காரி அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாளாச்சு. எந்த வீட்டுலலன்னு கேட்டா நம்பரைக் காட்டுதான். பழைய நோட்டுல மூணு நிக்கனோரையும் கீழ கீழ எழுதிவெச்சுருக்கான், எருமை. பாத்தா…"

நம்பரை அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தினார்.

மாமி உள்ளறையிலிருந்து வந்து நின்றாள். "என்னல சத்தம்?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. தாளை எடுத்துப் படித்தார். நான் எழுதியிருந்ததை இப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். 'ஞானதீபம் போட்டு, முப்பது பார், நாலு மணி. வந்ததும் பேசுங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.'

கப்பலுக்குப் போகும் முன் விடுப்பில் இருக்கும் நாட்களில் என் கணவருக்கு அந்த இடத்தில்தான் தாள் வைப்பேன். கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஐஸ் நிக்கனோர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாமியிடம் காட்டவில்லை.

"என்னல அது?"

"ஐஸு கணக்கு, பெரியம்மா. பசிக்கு, மைனி. என்ன இருக்கு?"

பழைய சோறும் சாளைக் கருவாடும் இருந்தது. நாற்காலியில் உட்காராமல் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மாமி பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பேச்சை எடுத்தாள். நான் மூன்று வாரமாகப் பதில் சொல்லவில்லை என்று அவரிடம் முறையிட்டாள்.

"பேருக்கு என்ன பெரியம்மா இப்பிடி மல்லுக்கட்டு? பள்ளிக்கூடத்துல நாங்க மூணு பேரும் ஒரே கிளாஸு. 'நிக்கனோர், எந்திரி'ம்பாரு வாத்தியாரு, மூணு பேரும் எந்திரிப்போம். எவன் தப்புப் பண்ணாலும் மூணு பேருக்கும் அடி. ஒருத்தன் செத்தாதான் அடுத்தவனுக்குப் பேருன்னா, அன்னைக்கே ரெண்டு பேரைப் பொதச்சிருக்கணும்." கருவாட்டு முள்ளை வாயிலிருந்து எடுத்துப்போட்டார். "பேரு என்ன சட்டையா, ஒருத்தன் கழட்டினாதான் இன்னொருத்தன் போட?"

மாமி, "வாயைப் பாரு" என்றாள்.

போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "அந்த நம்பருக்கு எவனாவது கூப்பிட்டு நிக்கனோர் இருக்கானான்னு கேட்டா, இருக்கான்னே சொல்லுங்க மைனி. பொய் இல்ல. நான் ஒருத்தன் இருக்கேம்லா" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து ஐந்தாமவரை எழுதினேன். எருசலேம் ஆலயத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்துகொடுத்த நிக்கானோர். பிறந்த வருடமும் தெரியாது, இறந்த வருடமும் தெரியாது. அலெக்சாந்திரியாவிலிருந்து கதவுகளைக் கப்பலில் கொண்டு வருகிறார். புயல். பாரம் குறைக்க மாலுமிகள் ஒரு கதவைத் தூக்கிக் கடலில் போடுகிறார்கள். கடல் அடங்கவில்லை. இரண்டாவதைத் தூக்க வரும்போது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னையும் சேர்த்துப் போடுங்கள் என்கிறார். உடனே கடல் அடங்குகிறது. துறைமுகத்தில் இறங்கினால், போட்ட கதவு கப்பலின் அடியிலேயே வந்து மேலே எழும்பியதாம். அப்படி ஒரு மரபுக் கதை.

அதே கடல்தான். என் கணவரின் கப்பல் அலெக்சாந்திரியாவை விட்டு இரண்டாம் நாள் காலை, டீ வரவில்லை என்று பார்த்தபோதுதான் சமையல்காரர் இல்லாதது தெரிந்தது. அதற்கு முன் கடைசியாகப் போனில் நான் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

கதவுக் கதை இருபது வரி ஆகிவிட்டது. குறைக்க மனம் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஏழு வருடம் இன்றோடு.

மாமி அதிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். என்னை அழைக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். அவர் அந்தக் கடைசிப் போனில், இந்தச் சுற்றோடு கடல் போதும், ஊரில் ஒரு சின்ன ஓட்டல் போடலாம் என்றார். ஒன்பதாவது தடவையாக இதைச் சொல்கிறார். அன்றைக்குக் கல்லூரியில் ஒரு பிரச்சினை, எனக்குத் தலைவலி. "நீங்க இருந்தாலும் இல்லாட்டாலும் இந்த வீடு இப்படியேதான் இருக்கும். வந்தா வாங்க, வராட்டி போங்க" என்றேன். அவர் சிரித்தார். "செரி பெத்துவா, டீக்கு நேரமாச்சு" என்றார்.

பெர்பெத்துவா என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியவர் அவர்தான். இப்போது வீடே அப்படிக் கூப்பிடுகிறது.

சிரித்தார் என்பது உறுதி. எனக்குக் கேட்டது.

ஜூலை 21, ஞாயிறு

மாமி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன்.

"மாமி, பேரு வைக்கலாம்."

கத்தி நின்றது.

"ஆனா அவுக பேரை எடுத்து வைக்கலை. அவுகளுக்கு எங்கேருந்து வந்துச்சோ அங்கேருந்து எடுப்போம். தாத்தா பேரு. மூணு பேருக்குப் பங்கு போட்டது போக மிச்சம் இருக்கும்லா, நாலாவது பங்கு இவனுக்கு. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும். சாமியார்ட்டயும் அப்பிடித்தான்."

மாமி கையிலிருந்த அரை முருங்கைக்காயைத் தட்டில் வைத்தாள்.

"நாலு நிக்கனோரா?"

"நான் எழுதுறதுல ஏழு பேரு இருக்காங்க மாமி."

"ஏழு பேரும் செத்தவனுவதானே?"

"மூணு பேருக்குத்தான் வருஷம் தெரியும்."

"மத்தவன்லாம் பின்ன இருக்கானாக்கும், ரெண்டாயிரம் வருஷமா" என்றாள். சிரித்துவிட்டாள். கண்ணை முழங்கையால் துடைத்தாள். வெங்காயம் இன்னும் நறுக்கவே இல்லை.

"செரி. அப்பிடியே சொல்லு" என்றாள்.

ஜூலை 24, புதன்

ஆறாமவர் திருச்சபையின் முதல் ஏழு திருத்தொண்டர்களில் ஒருவர். ஏழாமவர் இலக்கண ஆசிரியர். எங்கே எந்தக் குறி போட வேண்டும் என்று ஆயுள் முழுக்க எழுதியவர். ஊரில் அவரைக் கேலியாகப் புள்ளிக்காரர் என்றே கூப்பிட்டார்களாம். எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்பினேன். சாயங்காலமே போன்.

"நல்லா இருக்கும்மா. கதவுக்கு எதுக்கு இருபது வரி? பத்தாக்கறேன்."

"சரி சார்."

"அப்புறம் அந்த வளர்ப்பு மகன். அவரும் உங்க இரண்டாவது ஆளும் ஒருத்தரேதான்னு சில அறிஞர்கள் சொல்றாங்களே. சேர்த்துட்டா 318ன்னு முடிஞ்சிடும். கேள்விக்குறி ஒண்ணு குறையும். பக்கமும் மிச்சம்."

"உறுதியில்லையே சார். ஒரே பேருங்கறதைத் தவிர பெரிய ஆதாரம் இல்லை."

"உறுதியில்லன்னா கடைசியில போகணும், கூட்டத்தோட கூட்டமா."

"கடைசியிலயே போடுங்க சார். எடுத்துடாதீங்க."

"சரிம்மா. இருக்கட்டும்" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

பனிமய மாதா திருவிழாவின் கூட்டம். கோயில் வளாகத்தில் நடக்க இடமில்லை. டெல்பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் வரப் பயந்து என் தோளைப் பிடித்தபடியே வந்தாள். ஐஸ் நிக்கனோர், ரயில் நிக்கனோர் இருவரும் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மாமி அதில் தன் கைப்பையை வைத்தாள். யாரோ வந்து உட்காரப் போனபோது, "ஆளு வருது" என்றாள்.

குழந்தைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். ரெமிஜியுஸும் டெல்பினும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். ஏழு வருடமாக நான் சத்தமாகச் சொல்லாத பெயர்.

"யாரு பேரு?" என்றார் சாமியார், சிரித்துக்கொண்டே. முன்வரிசை இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும்.

"பூட்டன் பேரு சாமி" என்று மாமி முந்திக்கொண்டாள். "நாலாவது ஆளு."

தண்ணீர் பட்டதும் அழுதான். நல்ல கனம். என் சேலை முழுக்க ஈரம்.

சாயங்காலம் விருந்தினர் எல்லோரும் போன பிறகு கூடத்தில் தொட்டில். மாமி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டுக்குத் தயாராவதுபோலத் தொண்டையைச் செருமினாள். "ஏல, நிக்கனோரு!" என்று கூப்பிட்டாள். தெருவுக்கே கேட்கிற சத்தம்.

கூப்பிட்ட கையோடு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைக் கண்டதும், "கதவு தொறந்து கெடக்கு, நாய் வந்திரப்போவுது" என்றாள். நான் எழுந்து போய்க் கதவருகில் நின்றேன். மூடவில்லை. மாமியும் மூடச் சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அச்சுப்படி வந்தது. கதவுக் கதை பதினெட்டு வரி. சார் இரண்டு வரிதான் எடுத்திருக்கிறார். நான்கு கேள்விக்குறிகளும் அப்படியே இருக்கின்றன.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியில் குழந்தை அழுகிறது, கோயில் ஒலிபெருக்கியில் நவநாள் செபம். மாமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். சுகர் மாத்திரை கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி பெத்துவா, அந்த போனுக்கு நாள் முடியுதுல்லா இன்னைக்கு?"

கரண்டி கையிலேயே இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஆமா மாமி."

"போட்டியா?"

"இன்னும் இல்ல."

"இட்லியை நான் பாக்கேன். நீ போய்ப் போடு" என்றாள், கரண்டியை வாங்கிக்கொண்டு.